கவிழ்த்தால் பாயும் குடுவை: மலையகத்தில் பழைய தீயணைப்பான்கள், ஐந்து நாள் குறிப்பு

முதல் நாள். கண்டி, ஹந்தானை

ஹந்தானை மேட்டிலுள்ள தேயிலை அரும்பொருளகம் 1925இல் கட்டிய தொழிற்சாலைக் கட்டடம். 2001இல் அரும்பொருளகமாகத் திறந்தார்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் உருட்டும் இயந்திரங்களைப் படம் பிடித்துக்கொண்டு மேல்மாடிக்குத் தேநீர் குடிக்கப் போய்விடுகிறார்கள். தீயைப் பற்றி யோசிப்பவர்கள் இந்தக் கட்டடத்தை வேறு விதமாகப் பார்க்க வேண்டும்.

கீழே ட்ரையர், அதாவது தேயிலை உலர்த்தும் இயந்திரம். விறகு அடுப்பில் சூடாகும் காற்று ஏறத்தாழ 90 முதல் 100 பாகை வரையில் தேயிலை மேல் பாயும். அந்த அறையில் பஞ்சு போன்ற தேயிலைத் தூசி பறந்து வளை, சட்டம், மின்விளக்கு என்று எல்லாவற்றிலும் படியும். மேலே கொழுந்து வாட்டும் மாடிகள்: மரத்தளம், மரச்சட்டம், அதில் அடுக்கடுக்காக இழுத்துக் கட்டிய சாக்குத் துணி. கீழேயுள்ள சூட்டை மேலே இழுக்கத்தான் பெரிய விசிறிகளை வைத்தார்கள். கொழுந்து வாட சூடு வந்த அதே வழியில் நெருப்பும் வரும். ட்ரையர் பக்கத்தில் ஒரு பொறி பிடித்தால், வாளித் தண்ணீர் வந்து சேருவதற்குள் இரண்டாம் மாடி எரியத் தொடங்கியிருக்கும். ஒரு ஆள் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறக்கூடிய, தானாகவே தண்ணீரைப் பீய்ச்சும் ஒரு சாமான் இங்கே கட்டாயம் தேவைப்பட்டது.

அப்படியொன்றைச் செய்யும் முயற்சி இலங்கைத் தேயிலைக்கும் மூத்தது. 1723இல் லண்டனில் அம்புரோஸ் கொட்ஃப்ரி என்ற இரசாயனவியலாளர் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் வெடிமருந்து வைத்து, தீக்குள் உருட்டி வெடிக்க விட்டார். 1810களில் கப்டன் ஜோர்ஜ் மேன்பி மூன்று கேலன் செம்புக் குடுவையில் பொட்டாசுக் கரைசலை ஊற்றி, காற்றை அடைத்து வைத்தார். கையில் தூக்கும் தீயணைப்பானுக்கு அதுதான் முதல் உரு. காற்றடைத்த குடுவைக்கு ஒரு சிக்கல் உண்டு. அந்தக் காலத்து வால்வுகளும் வாஷர்களும் மாதக்கணக்கில் அமுக்கத்தைப் பிடித்து வைக்காது. தேவைப்படும் நாளில் குடுவை காற்றுப் போன பந்தாகத்தான் இருக்கும்.

அப்படியானால் அமுக்கத்தைச் சேமிக்காமல், தேவைப்படும் கணத்தில் உண்டாக்கினால் என்ன? 1866இல் பிரான்சில் பிரான்சுவா கார்லியே காப்புரிமை பெற்ற குடுவை இதைத்தான் செய்தது. அப்பச்சோடா (சமையல் சோடா) கரைத்த தண்ணீரில் டார்டாரிக் அமிலம் கலக்கும்போது வாயு கிளம்பும். நம் வீட்டுப் புளியில் இருக்கும் அமிலம்தான் அது. அடுத்த வருடம், 1867இல், இங்கே வணிகத் தேயிலையைத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் ஏறத்தாழ ஒரே வயது.

இரண்டாம் நாள். ஹட்டன்

கண்டியிலிருந்து காலை ரயில். நாவலப்பிட்டிக்குப் பிறகுதான் ஏற்றம் தெரிகிறது.

ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்து ஸ்டோர். (மலையகத்தில் தேயிலைத் தொழிற்சாலைக்கு ஸ்டோர் என்றுதான் பெயர்.) படிக்கட்டுக்குக் கீழே, வட்ட அடியுள்ள சிவப்பு வாளிகளின் பக்கத்தில், செம்புக் குடுவை ஒன்று கொக்கியில் தொங்கியது. பார்க்க அழகாக இருக்கிறதென்று வைத்திருக்கிறார்களாம். கழற்றிக் கையில் எடுத்ததும், ஓய்வுபெற்ற ட்ரையர் ஐயா பதறிப்போய்க் கையை நீட்டினார்: “தம்பி, அதக் கவுத்துடாதீங்க!” உள்ளே ஒன்றும் இல்லை என்று மூடியைத் திறந்து காட்டிய பிறகுதான் கையை இறக்கினார். அவர் பதறியது சரிதான். கவிழ்ப்பதுதான் இதன் விசை. வேறு விசை எதுவும் இதில் கிடையாது.

சோடா-அமிலத் தீயணைப்பான் என்பது இதன் பெயர். குடுவையில் சோடாத் தண்ணீர், உள்ளே தொங்கும் போத்தலில் டார்டாரிக்குக்குப் பதில் சல்பூரிக் அமிலம். கவிழ்த்தால் இரண்டும் கலந்து, கார்லியேயின் குடுவையில் போலவே வாயு கிளம்பித் தண்ணீரைத் தள்ளும். பாகங்கள் ஏழெட்டுத்தான். ரிவெட் அடித்து ஈயப்பற்று வைத்த செம்பு உடம்பு. உட்புறம் வெள்ளீயப் பூச்சு. கழுத்தில் மரையுள்ள கனத்த பித்தளை மூடி, அடியில் றப்பர் வாஷர். மூடிக்குக் கீழே ஒரு கம்பிக் கூடு. கூட்டுக்குள் வாய் அகன்ற கண்ணாடிப் போத்தல், போத்தல் வாயில் ஈயத்தில் வார்த்த ஒரு மூடி. தோள் பக்கத்திலிருந்து சின்ன றப்பர் குழாய், அதன் நுனியில் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் துளையுள்ள நொசில்.

அமெரிக்கத் தர அளவு எளிதாக மனதில் நிற்கும். இரண்டரை அமெரிக்க கேலன் தண்ணீர், அதாவது ஒன்பதரை லிட்டர். ஒன்றரை இறாத்தல் அப்பச்சோடா, 680 கிராம். நான்கு அவுன்சு அடர் சல்பூரிக் அமிலம், ஏறத்தாழ 118 மில்லிலிட்டர். பிரிட்டிஷ் இரண்டு கேலன் குடுவையும் 9 லிட்டர்தான். இங்கே வந்தவை பெரும்பாலும் அந்த அளவு.

இந்த அளவுகளில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. 118 மில்லிலிட்டர் அடர் அமிலத்துக்கு ஏறத்தாழ 350 கிராம் சோடா போதும். போடுவதோ 680. ஏறத்தாழ பாதி சோடா வேண்டுமென்றே மிச்சம் வைக்கப்படுகிறது. அப்போதுதான் நொசிலிலிருந்து வரும் தண்ணீரில் அமிலம் இருக்காது. துணியையும் தோலையும் அரிக்காது. அமிலம் முழுதும் வேலை செய்தால் கிளம்பும் காபனீரொட்சைட்டு வெளிக்காற்று அமுக்கத்தில் ஏறத்தாழ நூறு லிட்டர். அது ஒன்பதரை லிட்டர் தண்ணீரைத் தள்ளி வெளியேற்றுகிறது.

தீயை அணைப்பது அந்த வாயு என்று பலர் நம்பினார்கள். விற்றவர்களும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை. மேலே சொன்ன இரசாயனம் முழுக்க ஒரு பம்புதான். 9 முதல் 12 மீற்றர் தூரம் வரை, ஏறத்தாழ ஒரு நிமிடம் பாயும் தண்ணீரே அணைக்கிறது. மரம், சாக்கு, விறகு எரிந்தால் இதைவிட நல்லது அந்தக் காலத்தில் இல்லை. எண்ணெயில் அடித்தால் எரியும் எண்ணெய் தெறித்துப் பரவும். மின்பலகையில் அடித்தால் உப்புத் தண்ணீர் வழியாக மின்சாரம் பிடிக்கிறவன் கைக்கே வரும்.

இனி அந்த ஈய மூடி. கட்டைவிரல் நீளம்கூட இல்லை. கையில் வைத்தால் அளவுக்கு மிஞ்சிய கனம். மேலே குடைத் தலை, கீழே போத்தல் வாய்க்குள் லொடலொடவென்று தொங்கும் தண்டு. ஏன் ஈயம்? சல்பூரிக் அமிலம் பட்டதும் ஈயத்தின் மேல் ஈயச் சல்பேற்றுப் படலம் படிந்து, அதற்கு மேல் அரிப்பு போகாது. ஏன் லொடலொட? குடுவை நிமிர்ந்திருக்கும்போது தன் கனத்தால் வாயை மூடிக்கொள்கிறது. கவிழ்த்ததும் தன் கனத்தாலேயே கொஞ்சம் கீழிறங்கி, கூட்டில் தட்டி நின்றுவிடுகிறது. போத்தல் வாய்க்கும் மூடிக்கும் நடுவிலுள்ள அந்த ஒடுங்கிய வளைய இடைவெளி வழியாகத்தான் அமிலம் இறங்கும். ஒரே மடக்கில் கொட்டாது. அதனால் அமுக்கம் ஏறி, சதுர அங்குலத்துக்கு நூறு இறாத்தல் அளவில் நின்று, கடைசி வரை தாங்கும்.

இந்தச் சின்ன ஈயத்துண்டு தொலைந்துபோய், அது இல்லாமலே மூடி வைத்தால், கவிழ்த்த கணமே முழு அமிலமும் கொட்டும். அமுக்கம் பாய்ந்து ஏறும். எதிர்ப்பக்கமும் உண்டு: பல வருடம் தொடாமல் விட்டால் வெள்ளைப் பொருக்கு ஏறி மூடி போத்தலோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது கவிழ்த்தாலும் ஒன்றும் நடக்காது. ஹட்டன் குடுவையில் மூடி இருந்தது, விரலால் சுழற்ற முடிந்தது.

கவிழ்த்த பிறகு நிறுத்த முடியாது. நிமிர்த்தினால் குழாய் வழியே வாயு மட்டும் சீறிப் போகும், தண்ணீர் உள்ளேயே நிற்கும். அதனால் தீக்கு அருகே போய் நின்றுதான் கவிழ்க்க வேண்டும். படிக்கட்டின் அடியிலேயே கவிழ்த்துவிட்டு ஓடினால், மேலே போய்ச் சேரும்போது பாதி நிமிடத் தண்ணீர் படியில் போயிருக்கும்.

மூன்றாம் நாள். நுவரெலியா, கந்தப்பளை

மழை. நாள் முழுக்க மூடுபனி. இந்தக் குளிரையும் ஈரத்தையும் பற்றித்தான் இன்று எழுத வேண்டும், ஏனென்றால் சோடா-அமிலக் குடுவையின் இரண்டு எதிரிகளும் இந்த ஊரில் குடியிருக்கின்றன.

முதலாவது ஈரம். அடர் சல்பூரிக் அமிலம் காற்றிலுள்ள நீராவியை உறிஞ்சும். போத்தல் எட்டு அவுன்சு பிடிக்கும். அதில் பாதியில் ஒரு கோடு வார்த்திருப்பார்கள், அமிலம் அந்தக் கோடு வரைதான். லொடலொட மூடி காற்றை முழுதாக அடைக்காது. கீழேயோ ஒன்பது லிட்டர் தண்ணீர். குடுவைக்குள் காற்று எப்போதும் ஈரம். மாதங்கள் போகப் போக அமில மட்டம் கோட்டுக்கு மேலே ஏறும். ஏறியது அமிலமல்ல, தண்ணீர். இதைப் பார்க்காமல் ஓரிரு வருடம் விட்டால் போத்தல் நிரம்பி, மூடி ஓரமாகச் சொட்டுச் சொட்டாக சோடாக் கரைசலில் விழும். வாயு மெதுவாகக் கிளம்பி நொசில் வழியாகப் போய்விடும். வெளியே பளபளவென்று பித்தளை மினுக்கிய குடுவை, உள்ளே செத்த தண்ணீர். மூடியைத் திறந்து கோட்டைப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. அதைச் செய்யாமல் வெளியை மட்டும் மினுக்கியதுதான் பங்களா வழக்கம்.

இரண்டாவது குளிர். ஒன்பதரை லிட்டரில் 680 கிராம் என்றால் நூறு மில்லிலிட்டருக்கு 7.2 கிராம் சோடா. 20 பாகையில் தண்ணீர் 9.6 கிராம் வரை கரைக்கும். 10 பாகையில் 8.2. பூச்சியப் பாகையில் 6.9தான். நுவரெலியாவில் தை, மாசி அதிகாலையில் புல்மேல் உறைபனி விழும். வெளித் தாழ்வாரத்தில் தொங்கும் குடுவையில், கரைந்த சோடாவில் கொஞ்சம் அடியில் மணலாகப் படிய இடமிருக்கிறது. அந்த மணல் கவிழ்க்கும்போது நேராக நொசில் பக்கம் வரும். துளையோ 3 மில்லிமீற்றர்.

நொசில் அடைத்தால் என்ன ஆகும்? நூறு லிட்டர் வாயுவுக்குப் போக வழியில்லை. குடுவைக்குள் தண்ணீருக்கு மேல் வெற்றிடம் ஓரிரு லிட்டர்தான். கொஞ்சம் வாயு தண்ணீரில் கரையும், ஆனால் உடனே அல்ல. புதுக் குடுவையைச் சதுர அங்குலத்துக்கு 350 இறாத்தல் அமுக்கத்தில் சோதித்து அனுப்புவார்கள். நாற்பது வருடம் உப்புத் தண்ணீரில் ஊறிய ஈயப்பற்று அந்த அமுக்கத்தைத் தாங்குமென்று எந்த உத்தரவாதமும் இல்லை. கிழியும்போது பெரும்பாலும் அடித்தகடு பிரியும், இல்லையேல் மூடி பறக்கும். மனிதன் அந்த நேரத்தில் அதைக் கவிழ்த்து நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருப்பான். கவிழ்க்கும் வகைக் குடுவைகளை அமெரிக்காவில் 1969இல் செய்வதையே நிறுத்தியதற்குக் காரணம் இதுதான்.

உறைபனிக்குப் பயந்து தண்ணீரில் உப்புப் போடும் யோசனை சிலருக்கு வரும். போடவே கூடாது. கறியுப்பு ஈயப்பற்றையும் செம்பையும் இன்னும் வேகமாகத் தின்னும். குடுவையை வீட்டுக்குள் வைப்பதுதான் வழி.

அந்தக் காலத்தில் திரும்ப நிரப்பிய முறையை இங்கேயே எழுதிவிடுகிறோம். வருடத்துக்கு ஒரு தடவை, பயன்படுத்தாவிட்டாலும். பழையதைக் கொட்டிக் குடுவையை மூன்று தண்ணீரில் அலச வேண்டும். நொசிலில் மெல்லிய கம்பி விட்டு எடுத்து, குழாய்க்குள் வாயால் ஊதிப் பார்க்க வேண்டும். பூச்சி கூடு கட்டியிருப்பது இங்கே சாதாரணம். சோடாவைக் குடுவைக்குள் போட்டுக் கரைக்கக் கூடாது. தனி வாளியில், வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி ஊற்ற வேண்டும். கொதிநீர் ஆகாது: 50 பாகை தாண்டினால் சோடாவே சிதைந்து வாயுவை இழக்கத் தொடங்கும், நாம் சேமிக்க நினைத்ததை வாளியிலேயே இழப்போம். குறி வரை மட்டும் ஊற்ற வேண்டும். விளிம்பு வரை ஊற்றினால் வாயு கிளம்ப இடம் இருக்காது. அமிலப் போத்தல் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரப்போத்தலில் அடர் அமிலம் ஊற்றினால் சூடாகித் தெறிக்கும். கோடு வரை அமிலம், ஈய மூடி, கூடு, கடைசியாகப் பித்தளை மூடி. குறடு வேண்டாம், கையால் இறுக்கினால் போதும். திகதி எழுதிய அட்டை கட்ட வேண்டும்.

கவிழ்க்காத வகையும் உண்டு. மேலே ஒரு குமிழ், அதைத் தட்டினால் உள்ளே மூடி உருக்கி அடைத்த கண்ணாடிக் குப்பி உடையும். ஜெர்மனியில் 1902இல் வந்த கூம்பு வடிவ மினிமேக்ஸ் இந்த இனம். குமிழைத் தரையில் குத்த வேண்டும். குப்பி முழுதும் அடைபட்டிருப்பதால் ஈரம் ஏறாது. நுவரெலியாவுக்கு இதுதான் பொருத்தம் என்பது எங்கள் முடிவு. ஆனால் ஒவ்வொரு தடவையும் புதுக் குப்பி வேண்டும், அது கப்பலில் வர வேண்டியிருந்தது. ஈய மூடி வகைக்குக் கடையில் வாங்கும் அமிலம் போதுமாயிருந்தது.

நான்காம் நாள். அப்புத்தளை, பண்டாரவளை

நானுஓயாவில் ரயில். பட்டிப்பொலவுக்கு அருகே பாதை 1898 மீற்றரைத் தொட்டு, அதன் பிறகு இறக்கம். அப்புத்தளையில் இறங்கும்போது வெயில்.

பண்டாரவளையில் பழைய சாமான் கடை ஒன்றில் இரண்டு பொருட்கள். முதலாவது நீலக் கண்ணாடி உருண்டை, அரை லிட்டர்கூடப் பிடிக்காது, உள்ளே ஏதோ திரவம், வாயில் மெழுகு. 1870, 80களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெயர் போன தீயெறிகுண்டு இந்த வகை. தீயின் அடியில் எறிந்து உடைக்க வேண்டும். உள்ளே பெரும்பாலும் உப்புத் தண்ணீர், சிலவற்றில் நவச்சாரமோ சோடாவோ கரைத்திருப்பார்கள். அரை லிட்டர் தண்ணீர் எந்த உப்பைக் கரைத்தாலும் அரை லிட்டர் தண்ணீர்தான். குப்பைக்கூடை தீக்குச் சரி. பின்னாளில் வந்த குண்டுகளில் தண்ணீருக்குப் பதில் காபன் டெட்ராகுளோரைட் அடைத்தார்கள், அதுதான் வில்லங்கம். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி: கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும், டெட்ராகுளோரைட் தண்ணீரைவிட 1.6 மடங்கு கனம். குலுக்க வேண்டாம். கடை முதலாளியிடம் சொல்லி அதைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைக்கச் செய்தோம்.

இரண்டாவது, பைரீன் வகைப் பித்தளைக் கைப்பம்பு. சைக்கிள் பம்பைக் கொஞ்சம் கொழுக்க வைத்த மாதிரி. 1910, 11இல் அமெரிக்காவில் வந்தது. மோட்டார் காரிலும் மின்பலகைப் பக்கத்திலும் மாட்டுவதற்கென்றே பிறந்தது. உள்ளே ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக காபன் டெட்ராகுளோரைட். பிடியைத் திருப்பிப் பூட்டுக் கழற்றி அடித்தால், உள்ளே தள்ளும்போதும் வெளியே இழுக்கும்போதும் இரண்டு தடவையும் பாயும். திரவம் மின்சாரத்தைக் கடத்தாது. 77 பாகையிலேயே கொதித்து, காற்றைவிட ஐந்து மடங்கு கனமான ஆவியாகி நெருப்பை மூடும். சொந்த டர்பைனில் மின்சாரம் எடுத்த ஸ்டோர்களில் இயந்திர அறைக்கு இதைவிடச் சுத்தமான சாமான் அன்று இல்லை. பெற்றோல் தீயையும் அணைக்கும்.

கேடு இரண்டு. சுட்டுச் சிவந்த இரும்பில் பட்டால் அந்த ஆவியின் ஒரு பகுதி பொஸ்ஜீன் ஆகும். முதலாம் உலக யுத்தத்தில் அகழிகளில் அடித்த அதே நச்சுவாயு. அடைத்த அறையில் இதை அடித்துவிட்டு உள்ளேயே நின்றவர்கள் இறந்திருக்கிறார்கள். தீயே இல்லாமல் வெறும் ஆவியை மூச்சில் இழுத்தாலும் ஈரலும் சிறுநீரகமும் கெடும், சாராயம் குடித்தவருக்கு இன்னும் மோசமாக. இன்னொன்று சின்னக் கேடு: உள்ளே ஒரு துளி தண்ணீர் போனாலும் மெல்ல ஐதரோக்குளோரிக் அமிலம் உண்டாகிப் பம்புத் தண்டு பிடித்துக்கொள்ளும். கடையில் இருந்த பம்பும் அசையவில்லை. குலுக்கியதில் உள்ளே ஏதோ ஆடியது. திறந்து பார்க்க ஆசைப்பட்ட பையனிடம், வெளிக்காற்றில்கூட வேண்டாம் தம்பி, அப்படியே வை என்று சொல்லிவிட்டு வந்தோம்.

ஐந்தாம் நாள். பதுளை வழி

1924இல் பதுளை வரை வந்து நின்ற ரயில் பாதை இன்றும் அங்கேயே நிற்கிறது. தெமோதரை வளைவில் எல்லோரும் சன்னலில் தொங்கினார்கள், நாங்களும்.

ஒரு டீசல் களஞ்சியத்தில் நுரைக் குடுவை. வெளியிலிருந்து பார்த்தால் சோடா-அமிலத்தின் தம்பி, உள்ளே வேறு ஆள். போத்தலுக்குப் பதில் நீண்ட உட்குழல். அதில் அலுமினியம் சல்பேற்று, படிகாரத்தின் உறவு. வெளிக் குடுவையில் சோடாவோடு அதிமதுரச் சாறு. கவிழ்த்தால் இரண்டும் கலந்து, வாயு நிறைந்த குமிழ்களை அலுமினியம் ஐதரொட்சைட்டுப் பசையும் அதிமதுரமும் உடையாமல் பிடித்து வைக்கும். 9 லிட்டரில் 70 லிட்டருக்கு மேல் நுரை. காஸ்பியன் கடலோர பாக்கூ நகரின் எண்ணெய் வயல்களைப் பார்த்த அலெக்சாண்டர் லொரான் என்ற ரஷ்யர் 1904இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இதை எரியும் எண்ணெயின் நடுவில் அடிக்கக் கூடாது. பின்சுவரிலோ தொட்டி விளிம்பிலோ அடித்து, நுரை தானாக வழிந்து மேற்பரப்பை மூட விட வேண்டும்.

ஸ்டோருக்குக் குடுவை, பங்களாவுக்குக் குடுவை, துரையின் காருக்குப் பைரீன். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான பழைய லயத்தில் பத்துப் பன்னிரண்டு வீட்டுக்கும் கூரை ஒன்று. பல இடங்களில் தடுப்புச் சுவர் கூரைத் தகரம் வரை போவதில்லை. ஒரு அடுப்படியில் பிடித்தால் சுவருக்கு மேலேயுள்ள அந்த இடைவெளி வழியாக வரிசை முழுக்க ஓடும். லயத்துக்கு இருந்தது பீலித் தண்ணீரும் வாளியும். நாங்கள் பார்த்த லயங்களில் இன்றும் அதுதான்.

கடைசியாக, வீட்டுப் பரணிலோ ஸ்டோர் மூலையிலோ இப்படியொரு செம்புக் குடுவை கிடைத்தால்: நிமிர்த்தியே தூக்குங்கள், சாய்க்க வேண்டாம். திறந்த வெளிக்குக் கொண்டுபோய், முகத்தை மூடிக்கு நேரே வைக்காமல், பித்தளை மூடியைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்புங்கள். மூடியின் மரைப் பக்கத்தில் சின்னத் துளைகள் இருந்தால், உள்ளே அமுக்கம் மிச்சமிருக்கும்போது அவற்றில் ‘ஸ்ஸ்’ என்று சத்தம் வரும். வந்தால் கையை எடுத்து, சத்தம் நிற்கும் வரை காத்திருங்கள். மூடி கழன்றதும் கம்பிக் கூட்டைப் போத்தலோடு நேராக மேலே தூக்கி எடுங்கள். றப்பர் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு. போத்தலில் உள்ளதை, அகன்ற பிளாஸ்டிக் வாளியில் நிறையத் தண்ணீர் வைத்து அதில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, அப்பச்சோடா தூவுங்கள், நுரைப்பது நிற்கும் வரை. ஈய மூடியை எறிந்துவிட வேண்டாம், கழுவித் திரும்பக் கூட்டுக்குள் வையுங்கள். அது இல்லாத குடுவைதான் கடைகளில் அதிகம்.